தொரசாணியோட ஐப்பசிச் செடி

எங்க தொரசாணிக்கு ஒலகத்துல இருக்கிற பூ எதுவும் புடிக்காது. செம்பரத்தையா? சீ, அது எல்லா வேலியிலயும் நிக்கிது. ரோசாவா? அது எல்லா பங்களாவுலயும் இருக்கு. அலரியா? அது கோயில் பூ. மத்த செடியெல்லாம் பூத்து முடிச்சு, எலயக் கொட்டிட்டு மொட்டையா நிக்கிற காலத்துல, தான் மட்டும் தனியாப் பூக்குற குட்டிச் செடி ஏதாச்சும் இருந்தா, அதத்தான் அந்த மகராசி கண்ணால பாப்பா. அப்படி ஒரு காலம் இந்த மாத்தளப் பக்கம் வரவே வராதேன்னு யாரு போயி சொல்றது? சொன்னா நாம மடச்சி, அவ படிச்சவ.

நான் கமலாட்சி. ரத்தோட்டைக்கு மேல இருக்குதே குருந்துமலத் தோட்டம், அங்க பங்களாவுல பூந்தோட்ட வேல எனக்கு. சும்மா கெடச்ச வேல இல்ல. முன்னொரு காலத்துல ஏழாம் நம்பர் மலையில தேயிலக் கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தவதான். ஒரு மழ நாள்ல கூடையோட வழுக்கி, தண்ணி ஓடுற கான்ல விழுந்தேன். வலது கால் ஒடஞ்சு, எலும்பு கோணலா ஒட்டிக்கிச்சு. சமதரையில நடப்பேன், சரிவுல நிக்க முடியாது. புருஷன் அதுக்கு முன்னயே போய்ச் சேந்துட்டான். தோட்டத்துச் சட்டம் தெரியாதவங்க கேட்டுக்கங்க: வேலயாளுங்களக் கணக்கு வைக்கிற செக்ரோல்ல பேரு இருந்தாத்தான் லயத்துல காம்பிரா, தங்குறதுக்கு ஒரு அற. வேல செய்யாதவ மூட்டயக் கட்டிக்கிட்டு எறங்கிற வேண்டியதுதான். எறங்கி எங்க போறது? எங்க தாத்தன் பொறந்த இந்தியாவ நான் படத்துலகூட பாத்ததில்ல. அப்ப இருந்த வெள்ளக்காரத் தொர, பங்களாத் தோட்டம் சமதரதானே, இவ அங்க வேல செய்யட்டும்னு சொன்னான். அந்தச் சமதரதான் என் உசுரு. அது போனா காம்பிரா போச்சு, காம்பிரா போனா நான் போனேன்.

சுதந்திரம் கெடச்சு பத்து வருஷம் கழிச்சு அந்தத் தொர கப்பலேறினான். புதுத் தொர வந்தாரு, நம்ம நாட்டு ஆளு. நல்ல மனுஷன், வாயத் தொறக்க மாட்டாரு. அவருக்கும் சேத்து பொண்டாட்டி தொறப்பா. கண்டியில பொறந்து வளந்தவ. லண்டன்ல ரெண்டே ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்தா. ரெண்டு வருஷம்! எங்க லயத்துல ஒருத்தி பிரசவத்துக்குப் போயி பத்து நாள் மாத்தளையில கெடந்துட்டு வந்து, "எங்க டவுன்ல"ன்னு பேச ஆரம்பிச்சா. அந்தக் கததான் இதுவும். வெள்ளக்காரத் தொரசாணிகூட இம்புட்டு வெள்ளக்காரியா இருந்ததில்ல.

அவகிட்ட ஒரு படப் பொஸ்தகம் இருந்துச்சு. சீமையில செடி விக்கிற கம்பெனி அனுப்புனது. அத வராந்தாவுல வச்சுக்கிட்டு நாள் பூரா தடவிக்கிட்டு இருப்பா. ஒருநாள் என்னையக் கூப்பிட்டு ஒரு படத்தக் காட்டினா. மொழங்கால் ஒசரத்துக்கு ஒரு செடி. கொத்துக் கொத்தா நீலப் பூ.

"கமலாட்சி, இது எப்ப பூக்கும் தெரியுமா? ஒக்டோபர். எல்லா மரமும் எல விழுந்து சும்மா நிக்கும். அப்ப இது பூக்கும். இது ரொம்ப அபூர்வம்."

"இங்க ஒக்டோபர்ல எல விழுகாதே அம்மா. அட்டதான் விழும்" அப்படின்னேன்.

அவ என்னையப் பாத்த பார்வையிலயே பொஸ்தகத்துல இருந்த பூ கருகியிருக்கணும்.

செடி வந்து சேந்துச்சு. மாத்தள ரயிலடியிலருந்து அப்துல் ஸமத் முதலாளி தன் லொறியில கொண்டாந்தாரு. மாத்தளக் கடைத்தெருவுல கட வச்சிருக்கவரு, வாரா வாரம் பங்களாவுக்குச் சாமான் கொண்டாறவரு. பெட்டியத் தொறந்தா பன்னெண்டு குச்சி, அந்த நீலப்பூச் செடியும் அதுல ஒண்ணு. ஒவ்வொரு குச்சிக்கும் கழுத்துல ஒரு தகரச் சீட்டு, அதுல இங்கிலீசுப் பேரு.

"இத்தன தொல கப்பல்ல வந்திருக்கு, மையித்து மாதிரி இருக்கே புள்ள" அப்படின்னாரு முதலாளி.

"மெதுவாப் பேசுங்க முதலாளி. சாவு வீடுன்னு அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

நட்டு வச்சேன். குத்தம் சொல்லக்கூடாது, ஏழெட்டு குச்சி துளுத்துச்சு. நல்லா எல விட்டுச்சு. எல விட்டா சந்தோஷப்படணுமா இல்லையா? இவ மூஞ்சி தொங்கிப்போச்சு. ஏன்னா படத்துல மத்த செடிக்கெல்லாம் எல விழுந்து கெடக்கு. இங்க ஒண்ணும் விழுகல. அப்ப இந்தச் செடிக்கு இதுதான் ஒக்டோபர்னு எப்படித் தெரியும்? அதான் அவ கவல. அதுக்கு அவ கண்டுபுடிச்ச வைத்தியத்தக் கேட்டா சிரிச்சுச் செத்துருவீங்க.

"கமலாட்சி, சுத்தி இருக்கிற மரத்துல எல்லாம் எலய உருவிடு."

அடி ஆத்தீ! அவ செடி பூக்கணும்னா சுத்தி நிக்கிற மரமெல்லாம் அம்மணமா நிக்கணுமாம். நான் கொழுந்து எடுத்த கை. உருவச் சொன்னா உருவிருவேன், எனக்கென்ன. ஒரு வாரம் ஏணி போட்டு கொய்யாவையும் மாதுளையையும் மொட்டையடிச்சேன். மாதுளம் பிஞ்சும் சேத்துக் கொட்டுச்சு. அது பத்தாதுன்னு அந்தக் குச்சிகளோட எலயையும் ஒண்ணொண்ணாக் கிள்ளச் சொன்னா. கிள்ளினேன். அப்புறம் குளிரு பத்தாதுன்னு தோணிப்போச்சு. முதலாளி லொறியில மாத்தளையிலருந்து ஐஸ் கட்டி வந்துச்சு, மரத்தூள்ல பொதிஞ்சு, சாக்குல சுத்தி. வேருல ஐஸ வச்சுக் கட்டச் சொன்னா. லயத்துல கொழந்தைகளுக்குக் காச்சல்னா நெத்தியில வைக்க ஒரு துண்டு ஐஸ் கெடையாது, இங்க குச்சிக்குக் காலடியில ஐஸ். எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கட்டியக் கடிச்சுத் துப்பியிருப்பேன்.

முதலாளி லொறியில சாஞ்சுக்கிட்டு பாத்தாரு. "யா அல்லாஹ், எனக்கும் வயசாகுது, நானும் என்னென்னமோ பாத்துட்டேன். செடிக்கு சர்பத் போடுறத இன்னைக்குத்தான் பாக்குறேன்" அப்படின்னாரு.

ஒவ்வொண்ணாச் செத்துச்சு. பதினொண்ணு செத்து ஒண்ணே ஒண்ணு மிஞ்சுச்சு. அந்த நீலப்பூக் குச்சிதான். அதுவும் மிஞ்சுச்சுன்னு சொல்றது மரியாதைக்கு. நகத்தால கீறிப் பாத்தா உள்ள பழுப்பு. அதத் தொட்டியில மாத்தி வராந்தாப் படிக்கிட்ட வச்சிருந்தா.

இதுல இன்னொரு கூத்து. ஐப்பசியில மாத்தளையில பூக் கண்காட்சி. எல்லாத் தோட்டத்துத் தொரசாணிகளும் தொட்டியத் தூக்கிக்கிட்டு வருவாளுங்க, ஒசத்தியான செடிக்கு வெள்ளிக் கிண்ணம் குடுப்பாங்க. எங்க தொரசாணி அம்மா ஆறு மாசமா ஒரு வீடு விடாம பீத்தி வச்சிருக்கா: ஒக்டோபர்ல எங்க பங்களாவுல வந்து பாருங்க, இந்த நாட்டுலயே யாருகிட்டயும் இல்லாத செடி பூக்கப் போவுதுன்னு.

கண்காட்சிக்கு எட்டு நாள் இருக்கிறப்ப நடராஜா கணக்கப்பிள்ளை வந்தாரு. செக்ரோல் எழுதுற மனுஷன், பயந்த சுபாவம், கெட்ட சேதி சொல்றப்ப தரையப் பாத்துத்தான் பேசுவாரு. அன்னைக்குத் தரையப் பாத்தாரு.

"கமலாட்சி, அம்மா சொல்லிட்டாங்க. அந்தச் செடி கண்காட்சிக்குப் பூக்கலன்னா ஒன்னையப் பூந்தோட்டத்துலருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. செடியெல்லாம் ஒன் கவனக் கொறச்சலாலதான் செத்துச்சாம். ஏழாம் நம்பர் மலைக்குப் பேரு போடணும்."

"ஏழாம் நம்பர்ல நான் நிப்பேனாங்க ஐயா?"

"எனக்குத் தெரியாதா? நிக்க முடியலன்னா பேரு விழுகாது. பேரு விழுகலன்னா..." அப்படின்னு தரைக்குச் சொன்னாரு. மீதிய நான் சொல்லிக்கிட்டேன்.

ஐஸ் வச்சவ அவ, கிள்ளச் சொன்னவ அவ, மலைக்குப் போறவ நானா? அன்னைக்கு ராவு சோறு எறங்கல எனக்கு. அழுதேன். அழுதத மறைச்சு என்ன ஆகப்போவுது.

ஆனா ஞாயித்துக் கெழம காலையில லயத்து வாசல்ல நின்னு ஏழாம் நம்பர் மலையப் பாத்தேன். மலைக்கு மேல காடு. காட்டோட ஓரம் பூரா நீலமாத் தெரிஞ்சுது. எனக்கு ஒடனே வெளங்கிருச்சு. நெலு!

சிங்களவங்க நெலுன்னு சொல்ற செடி அது. பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் காடே சேந்து பூக்கும். எனக்குப் பத்து வயசுல ஒரு தரம் பாத்தேன், கல்யாணம் ஆன வருஷம் ஒரு தரம் பாத்தேன், இப்ப மூணாவது. பூக்குற வருஷம் தேன் எடுக்கிறவங்களுக்குக் கொண்டாட்டம். பூத்து வெத போட்டதும் அவ்வளவும் ஒண்ணாச் செத்துரும், ஒண்ணு மிஞ்சாது. அடுத்த வருஷம் எங்களுக்குக் கொண்டாட்டம், ஏன்னா காடு பூராக் காஞ்ச குச்சி. லயத்துல எல்லா அடுப்புலயும் அந்த வருஷம் நெலுக் குச்சிதான் எரியும்.

கோணக் கால இழுத்துக்கிட்டு ஏறினேன். ஏறினேன்னு சொல்றது பொய், தவந்தேன். சில எடத்துல குண்டியால நகந்தேன். போயிச் சேர மத்தியானம் ஆச்சு. நல்லா மொட்டு கட்டின ஒரு குட்டிச் செடியா, மொழங்கால் ஒசரத்துக்குப் பாத்து, வேரோட மண்ணு ஒதுராமத் தோண்டி சாக்குல கட்டிக்கிட்டு எறங்கினேன். கால் வீங்கி வாழத்தண்டு மாதிரி ஆயிருச்சு. தொரசாணியும் தொரையும் கிளப்புக்குப் போயிருந்தாங்க. செத்த குச்சியப் புடுங்கி எறிஞ்சுட்டு, அந்தத் தொட்டியில நெலுவ நட்டு, தண்ணி தெளிச்சு, நெழல்ல வச்சேன்.

நாலாம் நாள் காலையில நீலமா விரிஞ்சுது. தொரசாணி காப்பிக் கோப்பையோட வராந்தாவுக்கு வந்தவ அப்படியே நின்னா. செடியப் பாத்தா. என்னையப் பாத்தா. என் வீங்கின காலப் பாத்தா. மறுபடி செடியப் பாத்தா. அவ என்ன மடச்சியா? பட்டுப்போன குச்சி நாலு நாள்ல தண்டு தடிச்சு, கெள விட்டுப் பூக்குமான்னு அவளுக்குத் தெரியும். அந்த எல வேற, இந்த எல வேறன்னு பொஸ்தகத்தத் தடவித் தடவிப் பாத்தவளுக்குத் தெரியாதா? ஒரு வார்த்த கேக்கல. பின்பக்கம் போயி, குப்பையில கெடந்த செத்த குச்சியோட தகரச் சீட்டத் தானே பொறுக்கித் தொடச்சு எடுத்துக்கிட்டு வந்து, நெலு கழுத்துல கட்டினா.

"நீ நல்லாத்தான் பாத்திருக்க, கமலாட்சி" அப்படின்னா.

பொய்யி சொல்றதுக்கு வாயே தேவையில்லன்னு அன்னைக்குப் படிச்சவகிட்டருந்து கத்துக்கிட்டேன்.

கண்காட்சிக்குத் தொட்டியப் புடிச்சுக்கிட்டு முதலாளி லொறியில நானும் போனேன். டவுன் ஹால் பூரா தொரசாணிங்க, சென்ட்டு வாசம். நடுவுல மேசையில எங்க நெலு, கழுத்துல இங்கிலீசுப் பேரோட. பரிசு பாக்குறதுக்கு ஒரு வெள்ளக்காரக் கெழவி வந்திருந்தா. எல்லா வெள்ளக்காரங்களும் போனப்புறம் மிஞ்சின ரெண்டு மூணு பேர்ல அவ ஒருத்தி, முப்பது வருஷம் தோட்டத்துல கெடந்தவ, எங்க தமிழே பேசுவா. குனிஞ்சு பாத்தா, மோந்து பாத்தா, கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டா. சீமையில அவ தங்கச்சி வீட்டுத் தோட்டத்துல இதே செடி இருக்குதாம். இதே நிறமாம். பாத்ததும் வீட்டு ஞாபகம் வந்துருச்சாம். முப்பது வருஷமா அவ பங்களாவுக்கு மேல இதே செடி ரெண்டு தரம் பூத்திருக்கும். நிமிந்து பாத்திருந்தாத்தானே!

வெள்ளிக் கிண்ணம் எங்க அம்மாவுக்கு. கை தட்டினாங்க.

ஸமத் முதலாளி சாமான் எறக்குற சாக்குல உள்ள வந்து எட்டிப் பாத்தவரு, என் காதுகிட்ட வந்தாரு. "புள்ள, நான் பல்லேகமவுக்குத் தேன் வாங்கப் போய்ட்டு நேத்துத்தான் வந்தேன். வழி பூரா இதானே நிக்கிது? நெலு இல்லையா இது?"

"முதலாளி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், வாய மூடுங்க. இது லண்டன்லருந்து வந்தது."

"ஓ, அப்படியா? அப்ப பல்லேகமவும் லண்டன்தான்" அப்படின்னு சிரிச்சுக்கிட்டே வெளிய போயிட்டாரு.

எனக்கு வேல நின்னுச்சு. அதோட முடிஞ்சிருந்தா நானும் கையக் கழுவியிருப்பேன். ஆனா அந்தக் கிண்ணம் வீட்டுக்கு வந்த அன்னையிலருந்து அந்த அம்மாவுக்கு ஒரு வியாதி புடிச்சுது. தான் சொன்ன பொய்ய தானே நம்ப ஆரம்பிச்சுட்டா. வாரவங்ககிட்ட எல்லாம், "கப்பல்ல வந்தப்ப சின்னக் குச்சிதான், நான்தான் ஐஸ் வச்சுக் காப்பாத்தினேன்" அப்படிங்கிறா. என்கிட்டயே அப்படிச் சொல்றா, என் மூஞ்சியப் பாத்து! அடுத்த ஒக்டோபர்ல இன்னும் நெறையாப் பூக்குமாம்.

நான் சொல்லிப் பாத்தேன். "அம்மா, இது ஒரு தரந்தான் பூக்கும். வெத போட்டதும் செத்துரும்."

"பொஸ்தகத்துல வருஷா வருஷம் பூக்கும்னு போட்டிருக்கு. ஒனக்கு என்ன தெரியும்?"

எனக்கென்ன தெரியும்! சரின்னு, உதுர்ற வெதையெல்லாம் பொறுக்கி ஒரு நெருப்புப் பெட்டியில போட்டு மடியில வச்சுக்கிட்டேன்.

தை முடியுறதுக்குள்ள செடி காஞ்சுது. மாசியில முறிச்சா முறியும். அந்த மாசத்துலயே ஒரு நாள் நடராஜா கணக்கப்பிள்ளை வந்து தரையப் பாத்தாரு. நாளையிலருந்து ஏழாம் நம்பர் மலையாம். கிண்ணம் வாங்கின செடிய நான் கொன்னுட்டேனாம்.

அன்னைக்குச் சாயங்காலம் பங்களாப் புல்லுத்தரையில தேத்தண்ணி விருந்து. அந்த வெள்ளக்காரக் கெழவியும் இன்னும் நாலு தொரசாணிங்களும் வந்திருந்தாளுங்க, செடியிலருந்து கன்னு கேட்டு. கன்னு ஏது? காஞ்ச குச்சி நிக்கிது. எங்க அம்மா என்னையக் கை நீட்டிக் காட்டினா. தமிழ்லயே சொன்னா, எனக்கும் கேக்கட்டும்னு: "எல்லாம் இந்த முட்டாளால வந்தது. தண்ணி ஊத்தத் தெரியல. நாளைக்கு மலைக்கு அனுப்புறேன்."

எனக்கு ஒடம்பு பூரா எரிஞ்சுது. வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு கட்டு வெறகு சொவரோரம் வச்சிருந்தேன், அடுப்பெரிக்க லயத்து ஆளுங்க காட்டுலருந்து கொண்டாந்து குடுத்தது. எல்லாம் நெலுக் குச்சி. அதத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு நொண்டி நொண்டி நேராப் புல்லுத்தரைக்கு நடந்தேன். அந்தத் தொட்டி பக்கத்துல தொப்புன்னு போட்டேன். தொட்டியில நிக்கிற குச்சியும் கட்டுல இருக்கிற குச்சியும் ஒரே நெறம், ஒரே கணு, ஒரே முறிவு. குருடிக்குக்கூடத் தெரியும்.

"அம்மா, நாளைக்கு நான் மலைக்குப் போயிருவேன். இந்தச் செடியோட சொந்தக்காரங்க எல்லாம் அங்க மேலதான் இருக்காங்க. அவங்களப் பத்தி இந்த அம்மாக்களுக்கு எடுத்துச் சொல்லிட்டுப் போகவா?"

தொரசாணி மூஞ்சியில ஈயாடல. கண்ணு அந்தக் கட்டுக்கும் தொட்டிக்கும் போயிப் போயி வந்துச்சு. மொத தடவையா என்னையப் பயந்து பாத்தா. அதப் பாக்குறதுக்கு நான் இன்னொரு கால ஒடச்சுக்கிட்டிருக்கலாம், அவ்வளவு நல்லா இருந்துச்சு.

கெழவி கேட்டா, "என்ன சொந்தக்காரங்க?"

சொல்ற வார்த்த நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா இவ மானம் போயிருக்கும். ஆனா இவ மானம் போனா எனக்குக் காம்பிரா குடுக்கிறது யாரு? தொரசாணியவே பாத்துக்கிட்டு நின்னேன்.

தொரசாணிதான் பேசினா. "அவ... வெத வச்சிருக்கான்னு சொல்றா. இல்லையா கமலாட்சி?"

"ஆமா அம்மா." மடியிலருந்து நெருப்புப் பெட்டிய எடுத்துத் தொறந்து காட்டினேன். தொரசாணிங்க எல்லாம் தலய நீட்டினாளுங்க, கோழி மாதிரி.

"இது எப்ப பூக்கும்?" அப்படின்னா கெழவி.

"பன்னெண்டு வருஷம் ஆகும்" அப்படின்னேன். அந்தச் செடியப் பத்தி அந்தப் பங்களாவுக்கு வந்தவங்ககிட்ட யாரும் சொன்ன மொத உண்ம அதுதான். "ஒரே ஆளு கூட இருந்து பாக்கணும். ஆளு மாறினா வேற மாதிரி ஆயிரும். இல்லையா அம்மா?"

கெழவி நெஞ்சுல கைய வச்சுக்கிட்டா. பன்னெண்டு வருஷம்! அபூர்வமான செடின்னா அப்படித்தானாம்.

"ஆமா" அப்படின்னா எங்க தொரசாணி. "கமலாட்சி இங்கயே இருக்கட்டும்."

ஆளுக்குப் பத்து வெத எண்ணிக் குடுத்தேன். காஞ்சு நின்ன குச்சியப் புடுங்கி என் கட்டோட சேத்துக்கிட்டு, அந்தத் தொட்டியில மீதி வெதயப் போட்டேன். அன்னைக்கு வெள்ளிக் கிண்ணம் வாங்குன செடியிலதான் என் அடுப்புல தேத்தண்ணி கொதிச்சுது. நல்லா எரிஞ்சுது, பொக இல்ல.

இப்ப ஒம்போதாவது வருஷம். ரத்தோட்டையிலருந்து எல்கடுவ வரைக்கும் அஞ்சு பங்களாவுல காட்டுச் செடிக்கு வேள தவறாமத் தண்ணி ஊத்துறாங்க. எங்க தொட்டியில இடுப்பு ஒசரத்துக்குப் பச்சப் பசேல்னு நிக்கிது, ஒரு மொட்டு கெடையாது. வருஷா வருஷம் ஐப்பசி பொறந்தா தொரசாணி காப்பிக் கோப்பையோட வந்து குனிஞ்சு பாப்பா. தலையெல்லாம் நரச்சுப்போச்சு அவளுக்கு. காட்டுச் செடிங்கிறதையே மறந்துட்டாளா, மறந்த மாதிரி இருக்காளா, அது அவளுக்குத்தான் வெளிச்சம்.

இந்த ஐப்பசியிலயும் வந்தா. எலயத் தடவிப் பாத்துட்டுக் கேட்டா, "கமலாட்சி, இது செத்துப்போகாதே?"

"பூக்காத வரைக்கும் சாகாது அம்மா."

அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தச் சொல்லிட்டு உள்ள போனா. நான் ஊத்துறேன். அது பூத்துச் சாக இன்னும் மூணு வருஷம் இருக்கு. அதுக்கப்புறம் அடுத்த பன்னெண்டு வருஷத்துக்கு மடியில வேற நெருப்புப் பெட்டி வச்சுக்குவேன்.